பட்டறையில் பிறந்த யோசனைக்கு அரசு உதவி பெறுவது எப்படி? கோவைச் சிறுதொழில் முனைவோருக்கு ஒரு வழிகாட்டி

கோவையில் லேத் வைத்துத் தொழில் செய்பவர்களில், கையில் கொடுத்த வரைபடத்தை அப்படியே கடைந்து கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பவர்கள் குறைவு. சுழலும் தண்டைத் தாங்கும் வளையமான ஒரு புஷ்ஷின் அளவைச் சற்று மாற்றுவார்கள். ஒரு வார்ப்பின் தடிமனைக் குறைத்துப் பார்ப்பார்கள். கிரைண்டர் போடும் சத்தம் பொறுக்காமல் பேரிங்கை இடம் மாற்றிப் பொருத்துவார்கள். அந்த மாற்றம் பலன் தந்தபின், டீக்கடையில் யாரோ ஒருவர் "இதற்கெல்லாம் அரசாங்கம் பணம் தருகிறதாமே" என்று சொல்ல, மறுநாள் காலையிலேயே மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய் நிற்பார்கள். இத்தகைய விண்ணப்பங்களைத் தயாரிக்க உதவி வருபவன் என்ற முறையில், அங்கே அவர்கள் கேட்கும் முதல் கேள்வியை நான் நன்கு அறிவேன்: "என்ன மானியம் இருக்கிறது?" அந்தக் கேள்விக்குப் பதிலாக வேறொரு கேள்வியுடன் போனால் வேலை பாதி முடிந்துவிடும். "என் யோசனை எந்தக் கட்டத்தில் நிற்கிறது, அடுத்த அடிக்கு எனக்கு என்ன வேண்டும்?" என்பதே அந்தக் கேள்வி.

தமிழ்நாடு அரசு புத்தாக்கத்துக்கென ஒரே திட்டத்தை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் பகிர்ந்து கொடுப்பதில்லை. ஒரு யோசனை கடந்து போக வேண்டிய கட்டங்களுக்கு ஏற்ப உதவிகளைப் பிரித்து, வெவ்வேறு அமைப்புகளிடம் ஒப்படைத்திருக்கிறது. யோசனை வேலை செய்யுமா என்று சோதிப்பதற்குத் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் இருக்கிறது. புதிதாகத் தொடங்கிய நிறுவனத்துக்கு, ஸ்டார்ட்அப் டிஎன் என்று அழைக்கப்படும் புத்தொழில் மற்றும் புத்தாக்க இயக்கம் இருக்கிறது. இயந்திரம் வாங்குவதற்கு மாவட்டத் தொழில் மையமும் வங்கியும் சேர்ந்து வருகின்றன. உயர்நிலை வடிவமைப்புக்கு, டிட்கோ எனப்படும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகம் அமைத்த திறன்மிகு மையங்கள் இருக்கின்றன. கட்டம் தெரியாமல் எந்த வாசலுக்குப் போனாலும் "இது எங்களிடம் இல்லை" என்ற பதிலே கிடைக்கும். அதைச் சொல்பவர் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார்.

அரசு ஏன் இதற்குப் பணம் செலவிடுகிறது என்பதையும் அறிந்து வைத்திருப்பது விண்ணப்பம் எழுத உதவும். சிறிய பட்டறை ஒன்று ஆறு மாதம் முயன்று ஒரு மாற்றத்தைக் கண்டுபிடித்தால், பக்கத்துத் தெருப் பட்டறை அதை ஆறே வாரத்தில் செய்துவிடும். செலவு ஒருவருக்கு, பயன் ஊருக்கு என்றால் தனியாக யாரும் செலவிட மாட்டார்கள். அந்த ஊர்ப்பயனுக்கு ஈடாகவே அரசு செலவில் ஒரு பகுதியை ஏற்கிறது. ஆகவே உங்கள் லாபம் எவ்வளவு கூடும் என்பதை மட்டும் எழுதாமல், உழவருக்கோ, மற்றப் பட்டறைகளுக்கோ, மின்சாரச் சிக்கனத்துக்கோ என்ன நன்மை என்பதையும் எழுதுங்கள். தேர்வுக் குழுவில் அமர்ந்திருப்பவர்கள் தேடுவது அதைத்தான்.

ஒரு பக்கக் குறிப்பிலிருந்து தொடங்குங்கள்

எந்தப் படிவத்தையும் தொடுவதற்கு முன், ஒரே ஒரு தாளில் பிரச்சினையை எழுத வேண்டும். இதில்தான் பெரும்பாலானவர்கள் வழுக்குகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கோவையின் கணபதிப் பகுதியில் சப்மெர்சிபிள் பம்புக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அதன் உரிமையாளர் முதலில் எழுதிக்கொண்டு வரும் வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "உலகத் தரம் வாய்ந்த, அதிநவீன, நீடித்து உழைக்கும் புதிய வகை பம்ப் தயாரிக்க நிதியுதவி தேவை." இதில் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு சொல்கூட இல்லை. அவருடன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் விஷயம் மெல்ல வெளியே வரும். சப்மெர்சிபிள் பம்புக்கான ஐஎஸ் 8034 தர நிர்ணயம் தெளிந்த குளிர்நீரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஆனால் வறட்சியில் ஆழமாகத் துளையிட்ட கிணறுகளில் நீரோடு நுண்மணலும் ஏறுகிறது. அந்த மணல் ரப்பர் புஷ்ஷுக்கும் சுழலும் தண்டான ஷாஃப்டுக்கும் இடையில் புகுந்து இரண்டையும் அரைக்கிறது. ஷாஃப்ட் ஆட்டம் காண்கிறது. நீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் உரசத் தொடங்குகிறது. உழவர் கிரேன் வண்டி வைத்துக் குழாயை மேலே தூக்க வேண்டியிருக்கிறது. இவர் செய்த மாற்றம், புஷ்ஷின் உட்புறத்தில் மணல் தங்காமல் வழிந்து போகும்படி ஒரு சுருள் பள்ளம் வெட்டியதுதான்.

இப்போது குறிப்பை மாற்றி எழுதலாம். யாருக்கு என்ன தொல்லை, இப்போது கிடைக்கும் புஷ் எதனால் தோற்கிறது, என் மாற்றம் என்ன, அது பலன் தருகிறது என்பதை எந்த அளவீட்டால் காட்டுவேன், அந்த அளவீட்டை எடுக்க என்னிடம் இல்லாதது எது. இந்தப் பட்டறையிடம் இல்லாதவை இரண்டு: மணல் கலந்த நீரில் தொடர்ந்து ஓட்டித் தேய்மானத்தை மைக்ரோமீட்டரால் அளந்து பதிவுசெய்யும் சோதனை மேடை ஒன்று, எந்த ரப்பர் கலவை எவ்வளவு கடினத்தில் இருந்தால் பள்ளம் கிழியாமல் நிற்கும் என்று சொல்லத் தெரிந்த பொருளறிவியல் ஆசிரியர் ஒருவர். இந்த இரண்டும் தெளிவானவுடனேயே எந்தத் திட்டத்தைத் தேட வேண்டும் என்பதும் தெளிவாகிவிடுகிறது. இவருக்கு இப்போது வேண்டியது இயந்திரக் கடன் அன்று; ஆய்வுக்கான சிறு தொகையும் ஒரு கல்லூரியின் துணையும்தான்.

ஆவணங்கள்

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உதயம் பதிவு இல்லையென்றால் வேறெதுவும் நகராது. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இந்தப் பதிவு ஆதார், பான் எண்களைக் கொண்டு இணையத்தில் இலவசமாகச் செய்யப்படுவது. இதற்குக் கட்டணம் கேட்கும் இணையதளங்கள் அரசுக்குரியவை அல்ல. 2025 ஏப்ரல் 1 முதல் வரம்புகள் உயர்ந்துவிட்டன: முதலீடு 2.5 கோடி ரூபாய்க்கும் விற்றுமுதல் 10 கோடி ரூபாய்க்கும் மிகாதது குறு நிறுவனம். 25 கோடிக்கும் 100 கோடிக்கும் மிகாதது சிறு நிறுவனம்.

அலுவலகங்களில் கோப்பு தேங்குவதற்குப் பெரிய காரணம் கொள்கை அன்று, எழுத்துப்பிழை. பான் அட்டையில் ஒரு பெயர், ஜிஎஸ்டி பதிவில் முதலெழுத்து மாறிய இன்னொரு பெயர், வங்கிக் கணக்கில் மூன்றாவது பெயர் என்றிருந்தால், எத்தனை நல்ல யோசனையும் அங்கேயே நின்றுவிடும். இவற்றை முதலில் ஒன்றாக்குங்கள்.

கண்காட்சிக்கு முன் காப்புரிமை

புதிய பொருளைச் செய்தவுடன் கொடிசியா வளாகத்தில் நடக்கும் கண்காட்சியில் கடை போட வேண்டும் என்ற ஆசை இயல்பானது. ஆனால் விண்ணப்பிக்கும் முன் பொதுவில் காட்டிய பொருளுக்குப் புதுமை என்ற தகுதி போய்விடலாம். மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சிகளுக்குச் சட்டம் 12 மாதச் சலுகை தருகிறது என்றாலும், உங்கள் கண்காட்சி அந்த வகையில் சேருமா என்று நம்பிக்கொண்டிருப்பதைவிட முன்கூட்டியே கண்டுபிடிப்பின் முதற்கட்ட விவரத்தைச் சொல்லும் ஒரு தற்காலிக விவரக்குறிப்பைக் காப்புரிமை அலுவலகத்தில் தாக்கல் செய்துவிடுவது மேல். அதைத் தாக்கல் செய்த நாளே உங்கள் முன்னுரிமை நாளாகும்; முழு விவரக்குறிப்பைத் தர அதிலிருந்து 12 மாதம் கிடைக்கும்.

செலவும் பலர் நினைப்பதைப் போல் பெரிதன்று. இணையவழித் தாக்கலுக்குப் பெரிய நிறுவனங்கள் 8,000 ரூபாய் கட்டும் இடத்தில், சிறு நிறுவனங்கள் 1,600 ரூபாய் கட்டினால் போதும். ஆய்வுக் கோரிக்கைக்கு 20,000 ரூபாய்க்குப் பதிலாக 4,000 ரூபாய். இந்தச் சலுகைக்காக உதயம் சான்றிதழுடன் படிவம் 28-ஐ இணைக்க வேண்டும். காப்புரிமை முகவரின் கட்டணம் தனி. உண்மையான செலவு அங்கேதான் இருக்கிறது. காப்புரிமை, வணிகக் குறியீடு ஆகியவற்றுக்கான செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் ஏற்பாடு மாநிலக் கொள்கையிலும் உள்ளது. அதற்கு அசல் ரசீதுகள் வேண்டும் என்பதால் எதையும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

புத்தாக்க வவுச்சர்

நம் கணபதிப் பட்டறைக்குப் பொருந்துவது சென்னையில் உள்ள தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனத்தின் புத்தாக்க வவுச்சர் திட்டம். இதில் இரண்டு படிகள் உள்ளன. முதல் படியான 'ஏ' வவுச்சரில் 2 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். யோசனை செயல்படுமா என்பதை நிரூபிக்கும் ஆய்வுக்கு அது. 'பி' வவுச்சரில் 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். நிரூபணமான யோசனையைச் சந்தைக்கு ஏற்ற முன்மாதிரியாக மாற்றுவதற்கு அது. என் கருத்தில், சிறு பட்டறைகளுக்கு மாநில அரசு வைத்திருக்கும் உதவிகளில் தொகையில் மிகச் சிறியதும் பயனில் மிகப் பெரியதும் இதுதான். பிணையம் கேட்பதில்லை, திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை, பட்டறைக்காரரைக் கல்லூரி ஆய்வகத்துக்குள் இட்டுச் செல்கிறது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைப் பார்க்காமல் ஆய்வகத்தைப் பாருங்கள். உங்களுக்கு வேண்டிய சோதனைக் கருவி அங்கே இருக்கிறதா, அது ஓடுகிறதா, அதை இயக்கத் தெரிந்தவர் யார் என்று நேரில் போய்க் கேளுங்கள். உறை பிரிக்காமல் வைத்திருக்கும் கருவிகளை நான் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் ஒப்புக்கொண்டபின், ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களை எழுதி வாங்குங்கள்: கண்டுபிடிப்பின் உரிமை யாருக்கு, ஆய்வுக் கட்டுரை வெளியிடுவதென்றால் காப்புரிமைத் தாக்கலுக்குப் பின்னரே வெளியிடுவது, சோதனைத் தரவுகளின் நகல் உங்களுக்குத் தரப்படுவது. ஆசிரியர் கட்டுரை எழுத விரும்புவதில் தவறில்லை, அவருடைய பதவி உயர்வு அதில்தான் இருக்கிறது. ஆனால் தேதியின் வரிசை மாறினால் உங்கள் உரிமை பறிபோகும்.

செலவுத் திட்டத்தை எழுதும்போது வட்டத் தொகைகளைத் தவிர்த்துவிடுங்கள். "பொருட்கள்: 1,00,000" என்று எழுதுவதற்குப் பதிலாக, எந்த ரப்பர் கலவை எத்தனை கிலோ, புஷ் வார்ப்பதற்கான டை எத்தனை, சோதனை மேடைக்கான மோட்டாரும் தொட்டியும் என்ன விலை, ஆய்வகக் கட்டணம் எத்தனை மாதிரிகளுக்கு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஜிஎஸ்டி எண்ணுள்ள கொட்டேஷனை இணைக்க வேண்டும். கால அட்டவணையில் தோல்விக்கும் இடம் விடுங்கள். முதல் கலவை கிழிந்தால் இரண்டாவது கலவைக்கு எத்தனை வாரம் என்று எழுதியிருந்த விண்ணப்பங்களைக் குழுவினர் மதிப்பதை நான் கண்டிருக்கிறேன்; எல்லாம் முதல் முயற்சியிலேயே வெற்றி பெறும் என்று எழுதியவர்களிடம்தான் அதிகம் கேள்வி கேட்டார்கள்.

நேர்காணலுக்குப் போகும்போது பொருளைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். தேய்ந்த பழைய புஷ் ஒன்றையும், அதே கிணற்றில் அதே காலம் ஓடிய உங்கள் புஷ்ஷையும் மேசைமேல் அருகருகே வைத்தால், இருபது ஸ்லைடுகள் சொல்லாததை அவை சொல்லிவிடும்.

புதிய நிறுவனம் தொடங்குபவர்களுக்கு

உங்கள் யோசனை பட்டறையின் தொழிலிலிருந்து விலகி, தனியொரு நிறுவனமாக வளரக்கூடியது என்றால் ஸ்டார்ட்அப் டிஎன் பக்கம் போகலாம். அதன் டான்சீட் திட்டத்தில் பொதுவாக 10 லட்சம் ரூபாயும், பசுமைத் தொழில்நுட்பம், ஊரக வாழ்வாதாரம், பெண்கள் தலைமை ஆகிய வகைகளில் 15 லட்சம் ரூபாயும் தொடக்கநிலை நிதியாகத் தரப்படுகிறது. ஈடாக நிறுவனத்தில் சிறு பங்கை அந்த அமைப்பு எடுத்துக்கொள்வதால், பங்குதாரர் ஒப்பந்தத்தைப் படித்தபின் கையெழுத்திடுங்கள். மதுரை, திருநெல்வேலி, ஈரோடு ஆகிய ஊர்களில் வட்டார மையங்கள் தொடங்கப்பட்டபின், ஒவ்வொன்றுக்கும் சென்னைக்கு ரயில் ஏற வேண்டிய நிலை குறைந்திருக்கிறது.

இங்கே ஒரு தடை உண்டு. இந்த வழிக்கு அடிப்படையான மத்திய அரசின் புத்தொழில் அங்கீகாரம் ஒரே ஒருவர் பெயரில் நடக்கும் தனியுரிமைப் பட்டறைகளுக்குக் கிடைக்காது. தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனமாகவோ, பதிவுசெய்த கூட்டாண்மையாகவோ, எல்எல்பியாகவோ (வரையறுக்கப்பட்ட பொறுப்புடைய கூட்டாண்மை) இருக்க வேண்டும். சரி, இருக்கிற பட்டறையையே பெயர் மாற்றிப் பதிவுசெய்துவிடலாமே என்றால் அதுவும் நடக்காது: ஏற்கெனவே உள்ள தொழிலைப் பிரித்தோ மறுசீரமைத்தோ உருவாக்கிய நிறுவனத்துக்கு அங்கீகாரம் இல்லை என்று விதி தெளிவாகச் சொல்கிறது. "பேரை மட்டும் மாத்திக்கலாம்ங்க" என்று யோசனை சொல்லும் இடைத்தரகர்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் கட்டணம் திரும்பி வராது.

இயந்திரம் வாங்கும் கட்டம்

முன்மாதிரி வெற்றி பெற்று, உற்பத்திக்கு இயந்திரம் வேண்டும் என்ற நிலைக்கு வந்தபின்தான் மாவட்டத் தொழில் மையத்தின் பெரிய திட்டங்கள் பொருந்தும். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டம், 10 லட்சம் முதல் 5 கோடி ரூபாய் வரையிலான திட்டங்களுக்கு 25 சதவீத மானியத்தை 75 லட்சம் ரூபாய் உச்சவரம்புடன் தருகிறது. கடன் வட்டியில் 3 சதவீதச் சலுகையும் உண்டு. பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 2023-இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இதைவிடத் தாராளமானது: 35 சதவீத மானியம், 1.5 கோடி ரூபாய் உச்சவரம்பு, 6 சதவீத வட்டிச் சலுகை. இருக்கும் தொழிலை விரிவாக்குவதற்கும் இது பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாமல் இருக்கிறது.

இவை கடனோடு இணைந்தவை. கடனைத் தருவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது வங்கிதான். பரிந்துரைக் கடிதம் கையில் இருப்பதால் மட்டும் கடன் வந்துவிடாது. வங்கி மேலாளர் உங்கள் புஷ்ஷின் சுருள் பள்ளத்தைப் பற்றிக் கேட்க மாட்டார். யார் வாங்குவார்கள், மாதம் எத்தனை, தவணை கட்ட மிஞ்சுமா என்று கேட்பார். ஆகவே குழுவுக்கு எழுதிய அறிக்கையையே வங்கிக்கும் கொடுக்காமல், விற்பனையை முன்னிறுத்தி வேறொன்று எழுதுங்கள். வணிக வங்கி தயங்கினால், 1949 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகத்தையும் அணுகிப் பார்க்கலாம்; இயந்திரத்தைப் புரிந்துகொண்டு கடன் தருவதில் அதற்குப் பழக்கம் அதிகம்.

எனக்குத் தெரிந்த ஒருவர், பழைய சிஎன்சி இயந்திரம் மலிவாக வருகிறது என்று அவசரப்பட்டு, கடன் ஒப்புதல் கடிதம் வருவதற்குப் பத்து நாள் முன்னரே கைப்பணத்தைப் போட்டு வாங்கிவிட்டார். ஒப்புதலுக்கு முந்தைய தேதியிட்ட பில் என்பதால் ஒரு ரூபாய்கூட மானியக் கணக்கில் ஏறவில்லை. அவர் மீது பரிதாபம் வந்தாலும் விதி அப்படித்தான்: ஆய்வு நிதியானாலும் கடன் இணைந்த மானியமானாலும், ஒப்புதலுக்கு முன் செலவிட்ட பணம் உங்கள் பணம். இதிலிருந்து வேறுபடுவது, உற்பத்தி தொடங்கிய பிறகு இயந்திரங்களின் மதிப்பில் 25 சதவீதத்தைக் கோரும் முதலீட்டு மானியம். அது பின்னர் கேட்க வேண்டியது. ஆனால் அதற்கும் கெடு நாள் உண்டு. எந்தத் திட்டமானாலும் நடைமுறையில் உள்ள அரசாணையின் நகலைக் கேட்டு வாங்கி, அதன் தேதியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தொகைகளும் தகுதிகளும் மாறிக்கொண்டே இருப்பவை. சமூக ஊடகத்தில் சுற்றும் பட்டியல்கள் பெரும்பாலும் பழையவை.

சோதனை, சான்று, வடிவமைப்பு

சோதனை செய்ய, பம்ப் என்றால் சிடார்க் ஆய்வகம், நெசவு என்றால் 1956 முதல் இருக்கும் சிட்ரா ஆராய்ச்சி நிறுவனம் என்று கோவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தரச் சான்றிதழ் பெறச் செலுத்திய கட்டணத்தை அரசு திருப்பித் தரும் திட்டம் இருப்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். கணினியில் வடிவமைத்து, ஓட்டிப் பார்த்து, அதன்பின் டை வெட்ட விரும்புபவர்கள், டசால்ட் சிஸ்டம்ஸுடன் சேர்ந்து டிட்கோ அமைத்த டான்கேம் மையத்தையும், சீமென்ஸுடன் சேர்ந்து அமைத்த டான்சேம் மையத்தையும் சென்னை டைடல் பூங்காவில் பார்க்கலாம். அங்கே உள்ள மென்பொருளைச் சொந்தமாக வாங்குவது சிறு பட்டறையால் ஆகிற காரியம் இல்லை. பயன்படுத்திய நேரத்துக்குக் கட்டணம் செலுத்துவது ஆகிற காரியம்.

முதல் வாடிக்கையாளர்

மானியத்தைவிட முதல் கொள்முதல் ஆணை பெரியது என்பதைப் பலமுறை கண்டுவிட்டேன். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கை ஆணை, பின்னர் செய்த திருத்தத்துடன், சொல்கிறது. அதில் 4 சதவீதம் பட்டியலினத்தவர், பழங்குடியினர் நிறுவனங்களுக்கும் 3 சதவீதம் பெண்கள் நிறுவனங்களுக்கும் உரியது. மாநில அரசின் ஒப்பந்தப் புள்ளிகளில் உதயம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனங்கள் ஒப்பந்தப் புள்ளியுடன் கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகையிலிருந்து விலக்குக் கோரலாம். விலக்கு தானாக வராது, சான்றிதழை இணைத்துக் கேட்க வேண்டும்.

புதிய பொருளுக்கு முன் அனுபவச் சான்று இருக்காது என்பதால், முன்மாதிரிக் கட்டத்திலேயே நான்கைந்து உழவர்களின் கிணறுகளில் பம்பை இறக்கி, நாள், கிணற்றின் ஆழம், ஓடிய மணி நேரம், தூக்கிப் பார்த்தபோது எடுத்த அளவு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் அந்த உழவரின் கையெழுத்தை வாங்கி வையுங்கள். வவுச்சரின் அடுத்த தவணைக்குப் பட்டயக் கணக்காளர் சான்றுடன், பணம் எப்படிச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் தரும்போது அந்த நோட்டு வேண்டும், வங்கிக்குப் போகும்போதும் வேண்டும், துறைப் பொறியாளர் "இது எங்காவது ஓடியிருக்கிறதா?" என்று கேட்கும்போதும் அதையே எடுத்து நீட்டலாம்.